இறங்கும்போதுதான் பிரேக் வேண்டும்

மூட்டுக்குள் நெருப்பு – 11

சென்ற வாரம் ஸ்டீராய்டு ஏறும் கதையைப் பார்த்தோம். 40 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் உள்ளே போன மறுநாளே விரல் மடங்குகிறது, சட்டைப் பொத்தான் போட முடிகிறது. கூடவே ஓர் அசுரப் பசி. குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கினால், வீடு வந்து சேர்வதற்குள் பாதி காலி.

இந்த வாரம் இறங்கும் கதை. மாத்திரையை எழுத மருத்துவருக்கு ஒரு நிமிடம் போதும். அதைக் குறைத்து நிறுத்த மாதக்கணக்கில் ஆகிறது. அந்த வேலை முழுக்க நம் வீட்டில், நம் கையால் நடக்கிறது. சீட்டிலோ அதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும். என்னைப்போல் முடக்குவாதத்தோடு வாழ்கிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். அளவைக் குறைத்த வாரம் உடம்பு வலித்தால், ‘நோய் திரும்பிவிட்டது’ என்று தாமே இரண்டு மாத்திரை கூட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ‘இந்தச் சனியனே வேண்டாம்’ என்று ஒரே நாளில் நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து. குறைக்கும்போது வருவது ஒரே வலி அல்ல, மூன்று வகை. எது எதுவென்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடமாட்டமே இல்லாதிருந்த ஒரு பெண்ணுக்கு, பிலிப் ஹென்ச் என்ற மருத்துவரின் குழு ‘காம்பவுண்ட் ஈ’ என்ற பொருளை ஊசியில் செலுத்தியது. அதுதான் கார்ட்டிசோன். சில நாள்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்புகிறது என்பதையும் அந்தக் குழு அப்போதே எழுதிவைத்தது. இன்னும் கடுமையான பாடம் 1952இல் வந்தது. மாதக்கணக்கில் கார்ட்டிசோன் எடுத்துவந்த முடக்குவாத நோயாளி ஒருவர், இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன.

அட்ரீனல் என்பது சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சின்னச் சுரப்பி, பக்கத்துக்கு ஒன்று. நமக்குத் தேவையான கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டை அதுவே தினமும் சுரக்கிறது. விடியற்காலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். மூளையிலிருந்து உத்தரவு வந்தால்தான் அது வேலை செய்யும். வெளியிலிருந்து மாத்திரை வரத் தொடங்கியதும் மூளை உத்தரவை நிறுத்திவிடுகிறது. மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் அப்படிப் போனால் சுரப்பி தூங்கிப்போகிறது. ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளில் சுரப்பது, கணக்குப் போட்டால், சுமார் 4 முதல் 6 மில்லிகிராம் ப்ரெட்னிசலோனுக்குச் சமம். ஆகவே 40லிருந்து 10 வரை குறைக்கும்போது உபரியைத்தான் கழிக்கிறோம். 5க்குக் கீழே போகும்போது அடிப்படைத் தேவையிலேயே கை வைக்கிறோம். அங்கே சுரப்பி எழுந்து வேலைக்கு வந்தாக வேண்டும்.

அதனால்தான் மேலே வேகமாகக் குறைக்கும் மருத்துவர்கள் கீழே வந்ததும் மாதம் ஒரு மில்லிகிராம் என்று நிதானிக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 முதல் ஓடும் நம் மலை ரயிலைப் பாருங்கள். ஏறும்போது பின்னால் நின்று தள்ளும் என்ஜின், இறங்கும்போதும் பள்ளத்தின் பக்கமே நின்று பாரத்தைத் தாங்குகிறது. அது போதாதென்று பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன். பாதை கட்டியவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தின் மேல்தான் பயம் அதிகம் இருந்திருக்க வேண்டும்.

இனி அந்த மூன்று.

ஒன்று, பழக்கம் விடும் வலி. அளவைக் குறைத்த சில நாள்களில் உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல் இருக்கும். தொடை, தோள், முதுகு என்று தசையெல்லாம் வலிக்கும். மனசு சோர்ந்துபோகும், காரணமில்லாமல் அழுகை வரும், தூக்கம் கெடும். மூட்டில் வீக்கம் இருக்காது. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே அடங்கும். வெந்நீர் ஒத்தடம், கொஞ்சம் நடை, மருத்துவர் அனுமதித்தால் பாராசிட்டமால். இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டு, நோயே திரும்புவது. முன்பு எந்த மூட்டில் வந்ததோ அதே மூட்டு வீங்கும், தொட்டால் சுடும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். நாள் ஆக ஆகக் கூடுமே தவிர அடங்காது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் ஏறும். நீலகிரியில் இங்கே ஒரு குழப்பம் உண்டு. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்லெல்லாம் உறைபனி படியும்போது, நோயில்லாதவர்களுக்கே விரல் விறைக்கும். அதனால் இந்த ஊரில் வலியை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். வீக்கம்தான் நம்பகமான சாட்சி. வெயில் ஏறி அடுப்படியில் கை சூடான பிறகும் மோதிரம் இறுக்கினால், மருத்துவரிடம் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

மூன்று, சுரப்பி இன்னும் விழிக்காதது. இதில் வலி முக்கியமல்ல. எழுந்து நின்றால் தலை சுற்றும். சோற்றைக் கண்டால் குமட்டும். எடை குறையும். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் பத்துப் படியே மலையாகத் தெரியும். காலை மாத்திரை போடுவதற்கு முன் கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை செய்தால் ஓரளவு தெரிந்துவிடும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது என்று கொள்ளலாம். 5க்குக் கீழே என்றால் இன்னும் சில மாதம் காத்திருக்க வேண்டும். இந்த நிலையில் காய்ச்சலோ விபத்தோ வந்தால் உடம்புக்கு வழக்கத்தைவிட அதிக ஸ்டீராய்டு தேவை. காய்ச்சல் நாள்களில் அளவை எவ்வளவு கூட்டுவது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லையென்றால் வீட்டில் இருக்காதீர்கள். மருத்துவமனையில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், “நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன்” என்பது. ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி உயிரைக் காக்கும். மாத்திரையை நிறுத்தி ஓராண்டு வரையிலும், பல் பிடுங்கப் போனால்கூட இதைச் சொல்லிவிடுங்கள்.

எல்லாத் தொந்தரவையும் குறைப்பின் தலையில் கட்டவும் கூடாது. மேட்டில் ஏறும்போது தொடை நடுங்குவதும், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாததும் ஸ்டீராய்டால் தசை இளைத்ததாக இருக்கலாம். அளவு குறையக் குறைய அது சரியாகும். இடுப்புக் கவட்டில் குத்தும் வலி இடுப்பு மூட்டில் தொடையெலும்புத் தலையின் ரத்த ஓட்டம் பாதித்ததாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

இன்னொன்று, தேயிலைத் தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நுண்புழு பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் குடலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி வாழும். சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் உடம்பில், போர் முடிந்து 30 ஆண்டுக்குப் பிறகும் இந்தப் புழு இருந்ததை லிவர்பூல் மருத்துவர்கள் கண்டார்கள். சும்மா இருக்கும் இந்தப் புழு, ஸ்டீராய்டு வந்ததும் கட்டுமீறிப் பெருகி நுரையீரல்வரை பரவும். வயிற்று வலி, இருமல், தோலில் கோடு கோடாக அரிப்பு இருந்தால் எஸ்டேட்டில் வேலை பார்த்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் ஐவர்மெக்டின் என்ற சாதாரண மாத்திரையில் தீரும் விஷயம்.

அன்றாடத்துக்குச் சில வழிகள். மாத்திரையைக் காலையில், சாப்பிட்டவுடன் போடுங்கள். சுரப்பியின் இயல்பான நேரத்தோடு ஒத்துப்போகும், இரவுத் தூக்கமும் கெடாது. கொழுந்து குவியும் மாதத்திலோ வீட்டில் கல்யாணம் நடக்கும் வாரத்திலோ அடுத்த படி இறங்க வேண்டாம் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து வேலைக்கு வர ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம்வரை ஆகும். அது வாரத்துக்கு ஒரு முறை போடும் மாத்திரை, தினமும் அல்ல. அது பிடித்துக்கொண்ட பிறகு ஸ்டீராய்டைக் குறைப்பதுதான் வசதி. 1 மில்லிகிராம் மாத்திரை எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது; முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பர்லியார் மலைப்பாதை அடைபட்டால் கோவையிலிருந்து சரக்கு வருவது தடைபடும். 2009 நவம்பர் மண்சரிவை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அக்டோபரிலேயே இரண்டு வார மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி வேண்டவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டையே கலந்து விற்கிறார்கள். எடுப்பது தெரியாமல் எடுத்தவர், நிறுத்துவதும் தெரியாமல் நிறுத்துவார்.

முழுக்க நிறுத்திவிட முடியுமா? 2020இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆய்வு. டோசிலிசுமாப் என்ற மருந்தால் முடக்குவாதம் கட்டுக்குள் இருந்த 259 பேர். ஒரு பிரிவினர் 5 மில்லிகிராமையே தொடர்ந்தார்கள். மற்றவர்கள் நான்கு வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் குறைத்தார்கள். குறைத்தவர்களில் 65 சதவீதத்தினர் நோய் கிளம்பாமல், கட்டுக்குள்ளேயே தாக்குப்பிடித்தார்கள். தொடர்ந்தவர்களில் 77 சதவீதம். இதை நான் இப்படிப் படிக்கிறேன்: மூன்றில் இரண்டு பேருக்குக் கீழே இறங்க வழி இருக்கிறது. இறங்க முடியாத மூன்றாமவர் தோற்றவர் அல்ல. மாத்திரையே குறைக்காதவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த வெற்றி கிடைக்கவில்லை. ஒரு படி பின்னே ஏறி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இறங்குவதும் சிகிச்சைதான்.

அடுத்த முறை மருத்துவர் “குறைக்கலாம்” என்று சொன்னால், எழுந்து வருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அறிகுறி வந்தால் பொறுத்திருப்பது? எது வந்தால் போன் செய்வது? காய்ச்சல் வந்தால் எத்தனை மாத்திரை? பதிலைச் சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரியட்டும்.

அடுத்த வாரம்: ஸ்டீராய்டு தின்ற எலும்பை மீட்பது எப்படி?