புராஜெக்ட் முடியும், கேள்வி முடியாது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2010இல் ஒரு கல்லூரி மாணவி, அழுகிப்போன கத்தரிக்காயின் அடிப்பக்கத்தைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போனார். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வகுப்பு ஒன்றுக்கான வேலை அது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ், அதாவது ‘ஃபேஜ்’, ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருக்கு ஒன்று சிக்கியது.

2018இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமி ஒன்று உடலெங்கும் பரவியிருந்தது. எந்த ஆன்டிபயாடிக்கும் எடுபடவில்லை. கடைசி முயற்சியாக மூன்று ஃபேஜ்களைக் கலந்து ரத்தத்தில் ஏற்றினார்கள். அதில் ஒன்று அந்தக் கத்தரிக்காயில் கிடைத்தது. சில மாதங்களில் தோல் புண்கள் ஆறின, கல்லீரல் தேறியது. கிருமி முழுதாக ஒழியவில்லை. ஆனாலும் மரபணு மாற்றிய ஃபேஜ்களை மனிதருக்குக் கொடுத்த முதல் சிகிச்சை என்று 2019இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழ் வழியாக இது உலகுக்குத் தெரியவந்தது.

இடையில் இருந்த அந்த எட்டு ஆண்டும் ஃபேஜ் எங்கே இருந்தது? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல்லின் ஃப்ரீசரில். ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவக் கழகத்தோடு சேர்ந்து 2008இல் அவர் தொடங்கிய திட்டத்தில், கல்லூரியில் காலடி வைத்த முதலாண்டு மாணவர்களே வைரஸ் வேட்டைக்குப் போகிறார்கள். தோட்டத்திலோ நடைபாதை ஓரத்திலோ ஒரு பிடி மண் எடுத்து, திரவத்தில் கலக்கி, பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடிக்கிறார்கள். வடித்த நீரை, ஆபத்தில்லாத பாக்டீரியா ஒன்றோடு சேர்த்துத் தட்டில் ஊற்றி வைக்கிறார்கள். ஓரிரு நாளில் தட்டு முழுக்க மங்கலாகப் பாக்டீரியா படர்ந்திருக்கும். நடுவே ஊசிமுனை அளவிலாவது ஒரு வட்டம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால், அங்கே ஃபேஜ் இருக்கிறது. பலருக்கு முதல் தடவை ஒன்றும் கிடைக்காது. மறுபடி மண் எடுக்கப் போக வேண்டியதுதான். கிடைத்தவருக்கு அதற்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. பிறகு அதன் மரபணு வரிசையைப் படித்துப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்ப்பார்கள். லண்டன் மருத்துவர்கள் உதவி கேட்டபோது ஹாட்ஃபுல்லின் கைவசம் ஆயிரக்கணக்கான ஃபேஜ்கள் இருந்தன. தனி ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆயுள் முழுக்கத் தோண்டினாலும் அவ்வளவு சேர்ந்திருக்காது.

இளநிலை மாணவரையும் ஆராய்ச்சியில் இறக்கலாம் என்பது புதிய யோசனை அல்ல. போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் 1957இல் எம்.ஐ.டி.யில் ஆற்றிய உரையில் இதைத்தான் வலியுறுத்தினார். 1969இல் மார்கரெட் மக்விகார் அங்கே அதற்கென்றே ஒரு திட்டத்தை உருவாக்கினார். அது இன்றும் நடக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கான்பூர் ஐ.ஐ.டி. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை, அதிர்ஷ்டத்தையோ நிரூபிக்காத ஊகத்தையோ நம்பாமல் வேகமாகச் சொல்லும் வழி உண்டா? கணித மேதைகள் பலரும் முட்டிமோதிய கேள்வி இது. பேராசிரியர் மணீந்திர அகர்வால் இதைத் தன் பி.டெக். மாணவர்களிடம் கொடுத்தார். 2001இல் இரு மாணவர்கள் புராஜெக்டாகச் செய்துவிட்டுப் போனார்கள், விடை வரவில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டு நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் தொடர்ந்தார்கள். பட்டம் வாங்கிய கையோடு கோடையிலும் உட்கார்ந்தார்கள். 2002 ஆகஸ்டில் மூவரும் விடையை வெளியிட்டார்கள். 2006இல் கோடல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியவர் வழிகாட்டிதான். மாணவர்கள் வருவார்கள், போவார்கள். கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர். ஒவ்வோர் ஆண்டு மாணவருக்கும் அதில் ஒரு துண்டை, திறமைக்கேற்ற அளவில், வெட்டிக் கொடுக்கத் தெரிந்தால் போதும்.

வரலாற்றுத் துறையிலும் இது நடந்திருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் அடிமை முறைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியோடு பேராசிரியர் ஸ்வென் பெக்கர்ட் 2007இல் நான்கு இளநிலை மாணவர்களைப் பழைய ஆவணங்களுக்குள் அனுப்பினார். அடுத்தடுத்து வந்த மாணவர்களும் தேடினார்கள். 2011இல் அது ஒரு சிறு நூலானது. 2016இல், பல்கலைக்கழகத் தலைவர்களின் வீட்டில் அடிமைகளாக உழைத்த டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா ஆகிய நால்வரின் பெயர் பொறித்த பலகை வளாகத்தில் வைக்கப்பட்டது. 2022இல் பல்கலைக்கழகமே முழு அறிக்கை வெளியிட்டுப் பரிகாரப் பணிகளுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. இதைத் தொடங்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

நம் ஊர் நிலவரம் எல்லோரும் அறிந்ததே. இறுதியாண்டு வந்தால் பொறியியல் மாணவர்கள் ‘புராஜெக்ட் சென்டர்’ வாசலில் நிற்பார்கள். தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவில் சொல்ல வேண்டிய பதில் வரை எல்லாம் விலைக்குக் கிடைக்கும். பைண்டு செய்த அறிக்கை துறையின் அலமாரிக்குப் போகும். அடுத்த ஆண்டு அதைத் திறப்பார் இல்லை. மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாரம் முழுக்க வகுப்பும் மீதி நேரம் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான ‘நாக்’ கோப்புமாக ஓடும் ஆசிரியரிடம், ஆண்டுக்கணக்கில் சுமக்க ஒரு சொந்தக் கேள்வி எங்கிருந்து வரும்?

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வகுத்த நான்காண்டுப் பட்டத் திட்டத்தில், முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்களே ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போகலாம். ஹாட்ஃபுல்லின் திட்டம் முதலாண்டிலேயே கதவைத் திறக்கிறது. இங்கே அது மூன்றாண்டு மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை ஒரு விஷயத்தில் சரியாக யோசித்திருக்கிறது: மாணவர்களோடு கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பித்து, இரண்டு மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கலாம். ஊர் திரும்பும் ஆசிரியருக்கு அந்த வேலையைத் தொடரப் பாடவேளையில் சில மணி நேரத்தைக் கல்லூரி நிர்வாகம் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கதை அங்கேதான் நின்றுவிடுகிறது.