பக்கவாத்தியம் இல்லாத பாராயணம்

திருவண்ணாமலை செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமத்தில் மாலைதோறும் நடக்கும் தமிழ்ப் பாராயணத்துக்குப் பக்கவாத்தியம் கிடையாது, குரல் மட்டும்தான். பாடுகிறவர்களும் நிலையான குழு அல்லர். பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்பவர் பக்கத்தில், கிரிவலத்துக்கு வந்த வெளியூர்க்காரர் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் பாட்டு சிதறுவதில்லை. பக்திதான் காரணம் என்று சொல்லிவிடலாம். பக்தி ஆட்களை வரவழைக்கும். ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் நிறுத்திப் பாடவைக்க அது மட்டும் போதாது. அந்த வேலையைச் செய்வது பாட்டின் கட்டமைப்பு. ரமணர் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், 1914 வாக்கில், அடியார்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போகும்போது பாடுவதற்காகவே, பாராயணத்தில் இடம்பெறும் அட்சரமணமாலையை இயற்றினார். தெருவில் நடந்தபடி பாட ஏடு உதவாது; இன்று போகிறவர் நாளை போகாமலும் இருக்கலாம். அந்தத் தேவைக்கு இதன் அமைப்பு அப்படியே பொருந்துகிறது. 108 கண்ணிகளும் ஈரடிக் கண்ணிகள். முதலெழுத்துகள் அகர வரிசையில் செல்வதால் அடுத்து வருவதை நினைவே எடுத்துக்கொடுக்கும். கண்ணி தெரியாதவரும் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். 1950 ஏப்ரல் 14 இரவு, ரமணரின் இறுதி நேரத்தில், வெளியே கூடியிருந்த அன்பர்கள் இதைத்தான் பாடினார்கள். ஒத்திகை பார்த்துக் கூடிய கூட்டமல்ல அது. 1928இல் எழுந்த 'உள்ளது நாற்பது' இன்னும் தெளிவான சான்று. தனித்தனி வெண்பாக்களாக இருந்ததை, ஒவ்வொன்றின் ஈற்றடியையும் ரமணரே நீட்டி, அடுத்த பாட்டோடு இணைத்துக் கலிவெண்பாவாக்கினார். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எது என்று தடுமாறும் இடமே இல்லாமல் போனது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1921இல் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் தோன்றிய ஃபேர்ஃபீல்ட் ஃபோர் என்ற பாடகர் குழுவும் வாத்தியமின்றிப் பாடியதுதான். அங்கே ஒவ்வொரு குரலுக்கும் தனிப் பங்கு உண்டு. அடிக்குரல்காரர் விலகினால் அந்த இடத்துக்கு இன்னோர் அடிக்குரலைத் தேடியாக வேண்டும். பாராயணத்தில் எல்லாரும் பாடுவது ஒரே மெட்டு. ஒருவர் எழுந்துபோனால் ஒலி சற்றுக் குறையும், பங்கு எதுவும் காலியாகாது. ஆண், பெண் குரல்கள் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தள்ளி அமைவதும் இதற்குத் துணை: அதிர்வெண் இரட்டிப்பானாலும் காதுக்கு அதே சுரமாகவே கேட்கிறது. இதில் இசையழகு குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. நால்வர் குரல் பின்னும் ஒத்திசைவு இங்கே கிடைக்காது, உண்மைதான். ஆனால் அந்த அழகுக்குத் தேர்ந்த பாடகர்கள் வேண்டும்; பாராயணமோ வருகிற எல்லாருக்கும் இடம் தர வேண்டியது. தம்பூரா இல்லாவிட்டால் சுருதி இறங்கிவிடும் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். வாத்தியத் துணையில்லாத நெடிய பாட்டில் அப்படி நேர்வது இயல்பே. ஆனால் ஒவ்வொருவரும் பக்கத்துக் குரலைக் கேட்டே தம் குரலைத் திருத்திக்கொள்வதால், இறங்கினாலும் கூட்டம் சேர்ந்தே இறங்குகிறது. தொடங்கிய சுருதிக்கு மீட்க, வரிகளை நன்கறிந்த சிலர் முன்வரிசையில் இருந்தாக வேண்டும். கட்டமைப்பால் மட்டும் ஆகாத வேலை அது. அந்தச் சிலரை வளர்ப்பதும் பாராயணமேதான்: பல்லவியில் மட்டும் சேர்ந்தவர், தினமும் வந்தால், கண்ணிகளையும் மனப்பாடமாக்கிக்கொள்கிறார்.