எந்த ரீல் வாங்கலாம்?

கோலார் தங்கவயலில் ரீலின் தத்துவத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2001ல் மூடப்படும்வரை, உருளையில் சுற்றிய கம்பிவடத்தையும் அதன் பிரேக்கையும் நம்பித்தான் ஆட்கள் 3 கி.மீ. ஆழச் சுரங்கத்தில் இறங்கினார்கள். தூண்டில் ரீலிலும் உயிர்நாடி பிரேக்தான். 'டிராக்' என்பார்கள்.

சுரங்க நகருக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி போன்ற இடத்தில், கரையிலிருந்து வீச ஸ்பின்னிங் ரீலே சுலபம். இங்கிலாந்தின் கம்பளி ஆலை அதிபர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905ல் காப்புரிமை பெற்ற வகை. வீசும்போது உருளை சுழலாது. நரம்பு மட்டும் கழன்று ஓடும். பெய்ட்காஸ்டரில் உருளையே சுழலும். குறிபார்த்து வீச உகந்ததுதான். ஆனால் கட்டைவிரல் பழகாதவருக்கு நரம்பு குருவிக்கூடாகிவிடும்.

கடையில் பால்பேரிங் எண்ணிக்கையைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். அதை விடுங்கள். டிராக்கைச் சற்று இறுக்கி, நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். சீராக வந்தால் மலிவு ரீலே போதும். விட்டுவிட்டு வந்தால், பெரிய கட்லா முதல் ஓட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போய்விடும்.