வளையும் பம்பரும் வளையாத வண்ணமும்

மோட்டார் காரின் பம்பர் என்றாலே குரோமியம் பூசிய எஃகுப் பட்டை என்றிருந்த அமெரிக்க வழக்கத்தை உடைத்தது, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பொன்டியாக் பிரிவு 1968-ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட ஜிடிஓ கார். அதன் முன்புறத்தில் எஃகுச் சட்டத்தின் மேல் யூரித்தேன் என்னும் ரப்பர் போன்ற செயற்கைப் பொருளை வார்த்து, காரின் உடலுக்குப் பூசிய அதே வண்ணத்தை அதற்கும் பூசியிருந்தார்கள். ‘எண்டியூரா’ என்று பெயரிடப்பட்ட அந்த மூக்கைச் சிலர் சுத்தியலாலும் கடப்பாரையாலும் அடிக்க, அது சிறிதும் நசுங்காமல் நிற்பதைத் தொலைக்காட்சி விளம்பரம் காட்டியது. மோட்டார் டிரெண்ட் இதழும் அந்த ஆண்டின் சிறந்த காராக ஜிடிஓவையே தேர்ந்தெடுத்தது. இந்தக் கார்கள் உருவான ஆலைகளுள் ஒன்று, இன்று தமிழர்கள் பலர் குடியிருக்கும் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருந்தது. 1982-இல் மூடப்பட்டு, பின்னர் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நடத்திய நும்மி ஆலையாகி, இப்போது டெஸ்லாவின் தொழிற்சாலையாக விளங்கும் வளாகம் அதுவே.

அழகுக்காக வந்த இந்த வளையும் பம்பரைப் பரவலாக்கியது சட்டம். மணிக்கு 5 மைல், அதாவது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறம் மோதினாலும் விளக்கு முதலிய பாதுகாப்புக் கருவிகள் பழுதடையக் கூடாது என்ற கூட்டரசு விதி 1973 மாடல்களிலிருந்து நடைமுறைக்கு வந்ததால், ஷெவர்லே கார்வெட் அவ்வாண்டு முன்பக்கத்திலும் 1974-இல் பின்பக்கத்திலும் யூரித்தேன் உறைக்கு மாறியது. கண்ணாடியிழையாலான அந்தக் காரின் உடலுக்கு ஒரு வகைப் பெயின்டும், வளைய வேண்டிய உறைக்கு வேறு வகைப் பெயின்டும் பூசப்பட்டமையால், உடலும் பம்பரும் நிறத்தில் சற்று வேறுபட்டே பல கார்கள் ஆலையை விட்டு வெளிவந்தன என்பது பழைய கார்களைப் புதுப்பிப்போர் நன்கறிந்த செய்தி.

அரை நூற்றாண்டு கடந்த யூரித்தேன் ஈரத்தாலும் வெயிலாலும் மெல்லச் சிதைகிறது. சிதையும்போது அலையலையாக நெளிந்து, சுருங்கி, இறுதியில் விரலால் அழுத்தினாலே உதிரும் நிலையை அடைகிறது. டெக்சாஸின் கோடை இந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது என்றால், நியூ ஜெர்சியின் குளிர்காலம் வேறு வகையில் தீங்கு செய்கிறது: பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு விரிசல் வழியே புகுந்து உள்ளிருக்கும் எஃகைத் துருப்பிடிக்க வைக்க, துரு உப்பி மேலுள்ள உறையைத் தூக்கிவிடுகிறது. அத்தகைய பம்பரில் மேற்பூச்சை மட்டும் புதுப்பிப்பது வீண் செலவு. உள்ளிருக்கும் இரும்பைப் பார்த்த பிறகே பெயின்டைப் பற்றிப் பேச வேண்டும்.

பழுது பார்க்கும் முன் பொருள் எதுவென்று அறிவது முதல் வேலை. உப்புத்தாளால் தேய்க்கும்போது யூரித்தேன் பொடியாக உதிரும். பிற்காலக் கார்களில் வந்த பாலிபுரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கோ சூட்டில் இளகி இழையிழையாக இழுபடும். இவ்வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் பாலிபுரோப்பிலீன் வெல்லம்போல உருகி மீண்டும் இறுகக்கூடியது, அக்கால யூரித்தேனோ வெந்த இட்லி மீண்டும் மாவாகாததுபோல ஒருமுறை இறுகியபின் உருகாதது. ஆகவே அதன் விரிசலை உருக்கி ஒட்ட இயலாது. விரிசலின் இருபுறமும் சரிவாகச் செதுக்கிப் பள்ளமாக்கி, பின்புறம் கண்ணாடியிழை வலையை வைத்து, இரு திரவங்கள் கலந்து இறுகும் வளையும் பசையால் நிரப்ப வேண்டும். ஒடுங்கிய இடமாயின், யூரித்தேனுக்குப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் இயல்பு உண்டு என்பதால், வெப்பக் காற்றை இதமாகச் செலுத்திப் பின்புறமிருந்து அழுத்தி, ஈரத்துணியால் குளிர்வித்தாலே பல ஒடுக்குகள் மீண்டுவிடும்.

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘பட்டி பார்த்தல்’ எனப்படும், பள்ளங்களை நிரப்பிச் சமனாக்கும் வேலையில்தான் பலர் தவறுகிறார்கள். தகட்டுக்குரிய பட்டி கல்லைப்போல இறுகுவதால், பம்பர் முதன்முறை அமுங்கும்போதே அது பிளந்து மேலுள்ள வண்ணத்தையும் பிளக்கிறது. பிளாஸ்டிக்குக்கென வரும் நெகிழும் பட்டியே இங்கு பொருந்தும். பழைய பெயின்டை அகற்றும் திரவங்கள் யூரித்தேனுக்குள் ஊறி அதை உப்ப வைப்பதால், நேரம் பிடித்தாலும் உப்புத்தாளால் தேய்த்தெடுப்பதே நல்லது. புதிதாக வாங்கிய உறையாயின், அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தடவிய மெழுகு அதில் எஞ்சியிருக்கும். அதைச் சோப்புநீரால் கழுவி, பிறகு உரிய துடைப்பானால் நீக்காவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பிரைமரும் தோலாக உரிந்து வரும்.

வண்ணம் பூசுவதில் உள்ள நுட்பம் அடிப்பூச்சு, நிறம், பளபளப்புக்கான கிளியர் கோட் ஆகிய அடுக்குகள் யாவும் அடியிலுள்ள பொருளோடு சேர்ந்து வளைய வேண்டும் என்பதே. இதற்காகச் சேர்க்கும் நெகிழ்வூட்டும் திரவத்தைப் பட்டறைக்காரர்கள் ஃப்ளெக்ஸ் என்கிறார்கள். பழைய லாக்கர் வகைப் பெயின்டில் சேர்த்த நெகிழ்வூட்டி காலப்போக்கில் வெளியேறிவிட, பூச்சு மீண்டும் விறைத்துப் போனது. இரு திரவங்கள் கலக்கும் இன்றைய யூரித்தேன் கிளியர் இயல்பிலேயே ஓரளவு வளைவதால், தயாரிப்பாளர் குறித்த அளவுக்குமேல் ஃப்ளெக்ஸ் சேர்ப்பது பூச்சை உலரவிடாமல் மங்கச் செய்யுமேயன்றி வேறு பயன் தராது. தடித்த பூச்சு எளிதில் விரிசல் விடும் என்பதால் மெல்லிய அடுக்குகளே உகந்தவை. காற்று மாசைக் குறைக்க, ஃப்ரீமாண்ட் அடங்கிய கலிபோர்னிய விரிகுடாப் பகுதியின் காற்றுத் தர மேலாண்மை மாவட்டம் வாகனப் பெயின்டில் ஆவியாகும் கரைப்பானுக்கு வரம்பு விதித்துள்ளதால், கரைப்பான் மிகுந்த பழைய லாக்கருக்குத் திரும்புவது அங்கே எளிதன்று.

யூரித்தேன் கிளியர் கோட்டை இறுகவைக்கும் திரவத்தில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அதன் நுண்துளியைச் சுவாசிப்போருக்கு ஆஸ்துமா வரக்கூடும், ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் மிகச் சிறிய அளவும் தாக்கும். மூக்கை மூடும் சாதாரண முகக்கவசம் இதைத் தடுக்காது. குழாய்வழி வெளிக்காற்று வரும் முகமூடி தேவை. வார இறுதியில் வீட்டுக் கராஜில் இந்த வேலையை மேற்கொள்வோர் உப்புத்தாள் வேலையைத் தாமே செய்துகொண்டு, தெளிக்கும் வேலையை முறையான கூடமுள்ள பட்டறைக்கு விடுவதே அறிவுடைமை.

உலோகத் துகள் கலந்த வெள்ளி, நீல நிறங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: துகள்கள் படியும் சாய்வைப் பொறுத்து நிறம் மாறித் தோன்றுவதால், பம்பரைத் தரையில் கிடத்திப் பூசி, பின்னர் காரில் நிமிர்த்திப் பொருத்தினால் அது வேறொரு காரின் உறுப்புபோலத் தெரியும். அனுபவமுள்ளோர் அதைக் காரில் நிற்கும் அதே கோணத்தில் ஒரு தாங்கியில் மாட்டி, உடலுக்குக் கலந்த அதே கலவையால் ஒரே வேளையில் பூசுகிறார்கள். பூச்சு முழுதும் இறுகும்வரை பம்பரை வளைக்காமல் அந்தத் தாங்கியிலேயே விட்டுவைத்து, அதன் பிறகே போல்ட்டுகளை முடுக்குகிறார்கள்.