பழைய கணனியை விழித்தெழச் செய்தல்

பல இல்லங்களின் பரண்களிலே, துணி போர்த்திய பழைய கணனியொன்று உறங்கிக் கிடக்கின்றது. 1990களில் வாங்கிய அந்த யந்திரத்தினுள்ளே மறைந்த தந்தையார் எழுதிய கடிதங்கள் இருத்தல் கூடும். கோயிற் கணக்கோ முற்றுப்பெறாத நூலொன்றோ இருத்தலுங் கூடும். அவற்றை மீட்க விழைவோர் எடுத்த எடுப்பிலே மின்னாளியை அழுத்திவிடுகின்றனர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இங்கே முற்றும் பொருந்தும்.

முதற்கண் வன்தட்டைக் கழற்றி, தக்க இணைப்பியின் துணையுடன் புதிய கணனியொன்றிற் பூட்டிப் பிரதி எடுத்துக்கொள்ளுக. அதன்பின் பழைய யந்திரத்தை இயக்கினால் நெஞ்சிலே அச்சமிராது.

மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்ததும் தாய்ப்பலகையிலுள்ள பற்றரியைப் பார்க்க வேண்டும். 386, 486 வகைப் பலகைகள் பலவற்றிலே பீப்பாய் வடிவான நிக்கல் கட்மியம் பற்றரி ஒட்டப்பட்டிருக்கும். காலஞ்செல்ல அது கசிந்து, செப்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சையோ நீலமோ படர்ந்திருப்பின் பற்றரியை அகற்றித் துப்புரவு செய்த பின்னரே மேற்செல்லல் தகும்.

அடுத்தது 'ஜம்பர்' எனப்படும் சிறு தொப்பி. பலகையில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு ஊசிகளை இணைப்பதே அதன் தொழில். செயலியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் அக்காலப் பலகைகள் பெரும்பாலும் இத்தொப்பிகளைக் கொண்டே அறிந்தன. உதாரணமாக, 166 மெகாஹேர்ட்ஸ் பென்ரியத்திற்குப் பாட்டை வேகம் 66, பெருக்கம் இரண்டரை என அமைத்தல் வேண்டும். 60, ஒன்றரை என அமைத்தால் அதே செயலி 90 மெகாஹேர்ட்ஸ் வேகத்திலே தவழும். கேடு எதுவுமில்லை, மந்தமே உண்டு.

மின்னழுத்தமோ அத்தகையதன்று. 486 டீஎக்ஸ்2 செயலி 5 வோல்ற்றில் இயங்கியது. 1994இல் வந்த டீஎக்ஸ்4 ஏறத்தாழ 3.3 வோல்ற்றையே தாங்கும். முன்னதற்குரிய நிலையில் பின்னதைப் பொருத்தினால் செயலி கருகிப்போகலாம். 1997இல் வெளிவந்த எம்எம்எக்ஸ் பென்ரியத்தின் கருவுக்கு 2.8 வோல்ற்றே போதும். ஆகவே, செயலியின் மேலுள்ள எழுத்துக்களையும் பலகையில் அச்சிட்டுள்ள அட்டவணையையும் ஒப்புநோக்கிய பின்னரே தொப்பியிற் கைவைத்தல் வேண்டும். வேகத்திற் குறை பொறுக்கலாம். அழுத்தத்தில் மிகை பொறுக்கலாகாது.

இனி, 'கேஷ்' என வழங்கும் பதுக்கு நினைவகத்தைக் காண்போம். சமையல் செய்பவர் மிளகையும் சீரகத்தையும் களஞ்சிய அறையிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்து வருவதில்லை. கைக்கெட்டும் பெட்டியிலே வைத்துக்கொள்கின்றார். பதுக்கு நினைவகமும் அத்தகையதே. முதல் 486 செயலிகளின் உள்ளே 8 கிலோபைற்று இருந்தது; பலகையிலே பெரும்பாலும் 128 அல்லது 256 கிலோபைற்று தனியே பொருத்தப்பட்டது. அதன் அளவையுங் குறிக்கச் சில பலகைகளில் ஜம்பர்கள் உண்டு.

இவ்விடத்தில் ஒரு மோசடியையும் வாசகர் அறிதல் நன்று. 1990களின் நடுப்பகுதியில் விற்பனையான 486 பலகைகள் சிலவற்றில் உள்ளீடற்ற வெறும் பிளாஸ்ரிக் துண்டுகளே கேஷ் சில்லுகளாக ஒட்டப்பட்டிருந்தன. பயாஸ் நிரலும் அதற்கேற்பத் திருத்தப்பட்டு, இல்லாத நினைவகத்தை உண்டெனத் திரையிற் காட்டியது! இதனைக் கண்டறியும் வழி எளிது. பயாஸ் அமைப்பில் வெளிக் கேஷை இயக்கியும் நிறுத்தியும் ஒரே வேலையைச் செய்வித்து, நேரத்தைக் கணிக்க வேண்டும். இரண்டிற்கும் வேறுபாடு சிறிதுமில்லையெனின் சில்லுகளைச் சந்தேகிக்கலாம். மாறாக, கேஷ் இயங்கும்போது மாத்திரம் யந்திரம் தடுமாறுமாயின் சில்லொன்று பழுதாகியிருத்தல் கூடும்.

இன்னொரு விந்தையும் உண்டு. இன்ரெலின் 430ரீஎக்ஸ் தொகுதியுள்ள பலகைகளிலே முதல் 64 மெகாபைற்று நினைவகத்திற்கு மட்டுமே கேஷின் துணை கிட்டும். அதற்குமேல் நினைவகம் சேர்த்தோர் சிலர் கணனி முன்னிலும் மந்தமானதைக் கண்டு திகைத்தனர். கூட்டுவதெல்லாம் பெருக்கமாகாது போலும்.

தொப்பியொன்றை அசைக்குமுன் பழைய நிலையைத் தாளில் வரைந்து கொள்ளுக. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. அப்பொழுது பிழை நேரினும் வந்த வழியே திரும்பலாம்.