மந்த காலத்தில் தனவந்தர் மீது வரி

1932ஆம் வருஷம் மார்ச் மாத இறுதியில் ஒருநாள், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜான் கார்னர் தம் ஆசனத்தை விட்டு இறங்கி வந்து, சர்க்காரின் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று கேட்டுக்கொண்டபோது, ஏறக்குறையச் சபை முழுவதுமே எழுந்து நின்றது. அப்படிக் கருதாதவர்கள் எழுந்திருக்கலாம் என்றபோது ஒருவரும் எழவில்லை. அப்போது அந்நாட்டில் ஏறக்குறைய நான்கு தொழிலாளரில் ஒருவருக்கு வேலையில்லை. வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தன. மத்திய சர்க்காரின் வருவாயோ இரண்டே வருஷங்களில் பாதிக்கும் கீழே போயிருந்தது. அந்நிலையில் கட்சி பேதமின்றி அத்தனை பேரும் எழுந்து நின்றதன் பலனாக இயற்றப்பட்டு, ஜூன் 6ஆம் தேதி ஜனாதிபதி ஹூவரின் கையொப்பம் பெற்ற வருவாய்ச் சட்டந்தான், மந்த காலத்தில் பணக்காரர் மீது வரியைக் கூட்டலாமா என்ற வினா எழும்போதெல்லாம் இன்றளவும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறது.

அச்சட்டத்தில் பலர் நினைவில் தங்கியிருப்பது ஒரே ஒரு கணக்கு: வருமான வரியின் உச்ச விகிதம் 25 சதவீதத்திலிருந்து 63 சதவீதத்துக்கு ஒரே தாவலில் ஏறியது. இதைக் கேட்ட மாத்திரத்தில், செல்வர்கள் சம்பாதித்ததில் பாதிக்கு மேல் பறிபோயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. அது வருமானத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் உரிய விகிதம். அதற்குக் கீழ்ப்பட்ட படிகளுக்கெல்லாம் விகிதம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். இருந்தபோதிலும் ஏற்றம் பெரிய ஏற்றமே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரியே மந்தத்தை ஆழப்படுத்தியது என்று முடிவு கட்டுமுன், சட்டத்தின் மற்றப் பக்கங்களையும் புரட்டிப் பார்ப்பது நியாயம்.

கார்னர் சபையை எழுப்பி நிறுத்துவதற்குச் சில நாட்கள் முன்புதான், உற்பத்திப் பொருள்கள் அநேகமாக எல்லாவற்றின் மீதும் 2.25 சதவீத விற்பனை வரி விதிப்பது என்ற யோசனையை, நியூயார்க்கின் லா கார்டியா, வட கரோலினாவின் டௌட்டன் முதலான சபை உறுப்பினர்கள் கிளர்ச்சி செய்து தோற்கடித்திருந்தனர். பாமர ஜனங்களின் பாரம் அதோடு நீங்கியது என்று அவர்கள் மகிழ்ந்திருந்தால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஏனெனில் முன்வாசலில் துரத்தப்பட்ட வரி, பல துண்டுகளாகிப் பின்வாசல் வழியே உள்ளே வந்தது. பெட்ரோல் காலன் ஒன்றுக்கு 1 சென்ட், மின்சாரத்துக்கு 3 சதவீதம், மோட்டார் வண்டிக்கும் அதன் டயருக்கும் தனித்தனி வரி, நாற்பது சென்டுக்கு மேற்பட்ட சினிமா டிக்கெட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று அது நீண்டது. சாதாரணக் கடிதத்தின் தபால் தலை கூட 2 சென்டிலிருந்து 3 சென்ட் ஆயிற்று. இவற்றுள் விசித்திரமானது, வங்கிக் காசோலை ஒவ்வொன்றுக்கும் விதிக்கப்பட்ட 2 சென்ட் வரி. வங்கிகளின் மீது ஜனங்களின் நம்பிக்கை கரைந்து, பணத்தை எடுத்து வீட்டில் பூட்டிவைக்கும் வழக்கம் பரவிக்கொண்டிருந்த சமயத்தில், காசோலை எழுதுகிறவனுக்கு அபராதம் விதித்து ரொக்கத்தை நாடும்படி தூண்டுவதைக் காட்டிலும் அவிவேகமான வரியைக் கண்டுபிடிப்பது சிரமம்.

எல்லா வரியும் ஒரே விதமாக வலிக்காது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய தத்துவம். மந்தம் என்பது, பொருளை உற்பத்தி செய்ய யந்திரமும் ஆளும் தயாராக இருந்தும், அதை வாங்குவாரின்றிக் கடைகள் காற்று வாங்கும் நிலை. வாரக் கூலியை வாரத்துக்குள்ளேயே செலவழித்துத் தீர வேண்டிய ஒரு குடும்பத்திடமிருந்து பத்து டாலரை எடுத்தால், அந்தப் பத்தும் அப்படியே மளிகைக் கடையின் கல்லாவிலிருந்து குறையும். பத்து லட்சத்துக்கு மேல் வருமானமுள்ளவரிடமிருந்து எடுத்தாலோ, அவருடைய சேமிப்பு குறையுமேயன்றிச் சாப்பாடும் உடுப்பும் குறைவதில்லை. ஆகவே சர்க்காருக்கு வரி வாங்கித் தீர வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படுமாயின், வியாபாரத்துக்குச் சேதம் குறைவான இடம் உச்சிப்படிதான் என்பது என் அபிப்பிராயம். அங்கே வாங்கியதை வேலையில்லாதவர்களின் கையில் சேர்க்கும் சர்க்காரானால் சேதத்துக்குப் பதில் லாபமே உண்டாகவும் கூடும்.

சேமிப்பு குறைந்தால் முதலீடு குறையும், முதலீடு குறைந்தால் வேலை குறையும் என்று எதிர்க்கட்சி வாதம் செய்யும். சாதாரண காலத்தில் அது அலட்சியப்படுத்தத்தக்க வாதமன்று. ஆனால் அமெரிக்காவில் தனியார் முதலீடு 1929இல் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தபோது, அந்தச் சரிவின் பெரும்பகுதி புதிய சட்டம் வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. இருக்கிற ஆலையே பாதி நேரம் சும்மா கிடக்கையில், வரி குறைவு என்பதற்காக எவரும் இன்னோர் ஆலை கட்டுவதில்லை. செல்வர் தரப்பில் இதைவிடப் பலமான வாதம் வேறொன்று உண்டு: மாநிலங்களும் நகரசபைகளும் வெளியிட்ட கடன் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது, ஆகவே விகிதம் உயர உயரப் பெரும்பணம் தொழிலை விட்டு அந்தப் பத்திரங்களில் போய்ப் பதுங்கியது. பல வருஷ காலம் நிதி மந்திரியாயிருந்த ஆண்ட்ரூ மெலன் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். அவர் காட்டிய ஓட்டை மெய்யானது. ஆனால் ஓட்டையை அடைப்பதுதான் அதற்குப் பரிகாரம் என்பதில் அவர் வாரிசுகளுக்கு அவ்வளவு உற்சாகம் இருந்ததில்லை.

வசூல் எப்படி என்று கேட்பவர்களுக்குக் கணக்கு ஏமாற்றமளிக்கும். தனிநபர் வருமான வரியால் 1930 நிதியாண்டில் சுமார் 115 கோடி டாலர் பெற்ற கஜானாவுக்கு, விகிதத்தை ஏற்றிய பிறகும் 1933 நிதியாண்டில் கிடைத்தது சுமார் 35 கோடிதான். பெருஞ்செல்வரின் வருமானம் மாதச் சம்பளம் அன்று; லாபம், பங்கு ஈவு, சொத்து விற்ற ஆதாயம் ஆகியவற்றால் ஆனது; மந்தம் முதலில் விழுங்குவது இவற்றைத்தான். பத்து லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டியவர்கள் 1929இல் 513 பேர். 1932இல் 20 பேர். நீர் வற்றிய கிணற்றில் வாளியைப் பெரிதாக்கி என்ன பயன்? மந்த காலத்துப் பற்றாக்குறையைப் பணக்காரர் வரி ஒன்றைக் கொண்டே அடைத்துவிடலாம் என்று மேடையில் முழங்குபவர்களும் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. பற்றாக்குறையை அந்த வருஷமே அடைத்துத் தீர வேண்டும் என்ற பிடிவாதம் ஹூவருக்கு மட்டும் உரியதும் அன்று; ஜனாதிபதித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று, அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் பேசிய ரூஸ்வெல்ட்டும், ஹூவர் அதிகமாகச் செலவழித்துவிட்டார் என்றுதான் குற்றம் சாட்டினார்.

முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, பிரிட்டனின் நிதி மந்திரி அலிஸ்டேர் டார்லிங் வேறு மாதிரி நடந்துகொண்டார். 2008 டிசம்பர் முதல் தேதியிலிருந்து, ஜனங்கள் அன்றாடம் கொடுக்கும் மதிப்புக் கூட்டு வரியை 17.5 சதவீதத்திலிருந்து 15ஆகப் பதின்மூன்று மாதங்களுக்குக் குறைத்தார். 2009 ஏப்ரல் 22ஆம் தேதி பட்ஜெட்டிலோ, ஒன்றரை லட்சம் பவுனுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 50 சதவீத வரி, ஆனால் அது 2010 ஏப்ரலிலிருந்துதான் என்று அறிவித்தார். உச்சிப்படியின் வரி நடைமுறைக்கு வந்தபோது வீழ்ச்சி நின்று பொருளாதாரம் மெல்ல வளரத் தொடங்கியிருந்தது. ஏழைக்கு இப்போதே குறைப்பு, செல்வருக்குப் பிறகு கூடுதல் என்ற இந்த வரிசை, 1932இன் வரிசையைக் காட்டிலும் அறிவார்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

என்றாலும் ஓராண்டுத் தவணையைச் செல்வர்கள் வீணாக்கவில்லை. 1,600 கோடி முதல் 1,800 கோடி பவுன் வரையான வருமானம், புதிய விகிதம் தொடங்குமுன் பழைய விகிதத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளப்பட்டது என்று 2012இல் வரித்துறை மதிப்பிட்டது. அந்த வரியால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே கிடைத்தது என்ற அம்மதிப்பீட்டையே ஆதாரமாகக் காட்டி, அடுத்து வந்த நிதி மந்திரி ஆஸ்போர்ன் 2013 ஏப்ரல் முதல் விகிதத்தை 45ஆக இறக்கினார். இறங்கப் போகிறது என்று தெரிந்ததும் இம்முறை வருமானத்தை ஒத்திப் போட்டுக் காத்திருந்தார்கள். சம்பளக்காரனுக்கு இந்த வசதி இல்லை. தன் கம்பெனியிலிருந்து பங்கு ஈவை எந்தத் தேதியில் எடுப்பது என்று தானே தீர்மானிக்கக் கூடியவருக்குத்தான் உண்டு. 2009இன் அதே பட்ஜெட்டில், உயர்ந்த வருமானமுள்ளவர்கள் ஓய்வூதிய நிதியில் அவசர அவசரமாகப் பணத்தைக் கொட்டி வரிச் சலுகை பெறுவதைத் தடுக்கும் விதி மட்டும் அறிவித்த அன்றே அமலுக்கு வந்துவிட்டது. பங்கு ஈவுக்கு அத்தகைய விதி எதுவும் போடப்படவில்லை.