சூட்டுக்குத் தோற்கும் பிரேக்

கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயத் தடத்தில் ஒரு நேர்ப்பாதை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஸ்போர்ட்ஸ் காரோடு வருபவர்கள் 200 கி.மீ. வேகத்தை எளிதாகத் தாண்டுமிடம் அது. பாதை முடிந்ததும் கூர்மையான திருப்பம். முதல் சுற்றில் பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும். சில சுற்றுகள் போனதும் பெடல் மெத்தென்று உள்ளே இறங்கத் தொடங்கும். உடனே பலரும் முடிவுகட்டுவது, பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் மாட்ட வேண்டும் என்றுதான். செலவை அங்கே தொடங்குவது தவறு என்பேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கினால், கிட்டத்தட்ட 20 லட்சம் ஜூல் இயக்க ஆற்றலை அது இழக்க வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் பிரேக்கில் வெப்பமாகும். அதில் சுமார் 70 சதவீதம் முன்சக்கரங்களின் பங்கு. அப்படியானால் 10 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க், ஒரே அழுத்தில் ஏறத்தாழ 140 டிகிரி சூடேறும். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் அதே காரை முழுதாக நிறுத்தினால்கூட 30 டிகிரி ஏறாது. பந்தயத் தடத்திலோ டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது.

பெடலை அழுத்தியதும் ஏபிஎஸ் துடிக்கிறதென்றால், டயர் தாங்கும் அளவுக்குப் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்று பொருள். அதற்குமேல் காரை நிறுத்துவது டயரின் பிடிமானம். ஆகவே பெரிய காலிப்பர் மாட்டியதால் முதல் நிறுத்தத்தின் தூரம் குறைந்துவிடாது. இருபதாவது நிறுத்தமும் முதலாவதைப் போலவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிரேக்கை மேம்படுத்துகிறோம்.

சூட்டைச் சமாளிக்கும் பிரேக் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம்: 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் வென்றது டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் காரில். டிரம் பிரேக் வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். டிஸ்க் காற்றில் விட்டுவிடும். போட்டி கார்களின் ஓட்டுநர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்த இடங்களில் ஜாகுவார் இன்னும் பாய்ந்துகொண்டிருந்தது.

நம் காரில் முதலில் மாற்ற வேண்டியது, எல்லாவற்றிலும் விலை குறைந்த பிரேக் ஆயில். மழைக்காலத்தில் உப்பு நீர்த்துப்போவதைப் போல இதுவும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்பது தரவிதி. சுமார் 3.7 சதவீத நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. காலிப்பருக்குள் கொதித்தால் நீராவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிப்பதெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய், பெடல் தரையைத் தொடும். பந்தயத்துக்கென்றே வரும் ஆயில்கள் 300 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. ஆனால் அவற்றை அடிக்கடி மாற்றியாக வேண்டும்.

அடுத்தது பேட். பெடல் கல்லாக இறுகியிருந்தும் கார் நிற்க மறுத்தால், குற்றவாளி ஆயில் அல்ல, சூட்டில் உராய்வை இழந்த பேட். பந்தய பேட் அந்தச் சூட்டைத் தாங்கும். அதற்கு விலையும் உண்டு: குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது, கிரீச்சிடும், டிஸ்க்கை விரைவில் தேய்க்கும். அதே பேட்டோடு மறுநாள் அலுவலகத்துக்கு ஓட்டிப் போவது ஆபத்து. புது பேட்டைப் படிப்படியாகச் சூடேற்றிப் பழக்காமல் தடத்தில் இறக்கினாலும் பிடி நழுவும்.

இவ்விரண்டுக்கும் பிறகு, முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய். செலவு குறைவு, பலன் அதிகம். துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகுதான். ஆனால் கடும் சூட்டில் துளைகளைச் சுற்றி விரிசல் ஓடும். பள்ளக்கோடு வெட்டிய டிஸ்க்கே தடத்துக்கு ஏற்றது. கார்பன் செராமிக் டிஸ்க் இரும்பின் பாதி எடைதான் இருக்கும், ஆனால் விலை மலைக்கவைக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் சூடு அடங்கவில்லை என்றால்தான் பெரிய டிஸ்க்கும் காலிப்பரும். அப்போதும் முன்பக்கத்துக்கு மட்டும் மாற்றினால் முன்-பின் பிரேக் சமநிலை குலையக்கூடும். நிறுத்தும் தூரம் கூடவும் வாய்ப்புண்டு. உங்கள் காருக்கென்றே கணக்கிட்டுச் செய்த தொகுப்பைத்தான் வாங்குங்கள்.

தடத்துக்குப் போகும் முன் ஆயிலை மாற்றுங்கள். ஓட்டி முடித்ததும் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வாருங்கள். சூடு ஆறும்வரை ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுங்கள்.